ஏழாம் பேட்ச்சில் காய்ச்சல் இல்லை

யார் யார் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, தடுப்பூசி நிறுவனத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறை. நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, நிறுவனத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் உற்பத்தி மேலாளர். முன்னால் மடிக்கணினி, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். இடப்பக்கம், பண்ணை பண்ணையாகப் போய்க் கன்றுகளுக்கு ஊசி போட்டுவிட்டு வரும் மாட்டு டாக்டர். காலணியில் சாணி இன்னும் காயாததால் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார். கதவோரம், சுவரை ஒட்டிப் போட்டிருந்த இரும்பு ஸ்டூலில் குறிப்பக்கா. மேசைக்கு நாற்காலி போதாமல் அல்ல. தலைவருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. அது வெளி உறுப்பினருடைய இடம். வேறு யாரும் அதில் உட்காரும் வழக்கமில்லை.

குறிப்பக்கா உள்ளே நுழைந்ததும் பார்த்தது அந்தக் காலி நாற்காலியைத்தான்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாக்கிப் படம் எடுப்பவள். எதைச் செய்தாலும் தேதி, நேரம், அறையின் வெப்பம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பாள். "நம்ம அக்கா சாவு வீட்டுக்குப் போனாலும் முதல்ல வருகைப் பதிவேட்டைத்தான் தேடுவாங்க" என்று உற்பத்தி மேலாளர் ஒருமுறை சொல்லப் போக, அன்றிலிருந்து அவள் குறிப்பக்கா ஆனாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெளி உறுப்பினர் வேறு ஊரில் இருக்கும் விஞ்ஞானி. இந்த நிறுவனத்தின் சம்பளக்காரர் அல்ல. ஒரு பேட்ச் மருந்தை ஒற்றைக் கையெழுத்தில் நிறுத்தும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். ஆனால் எல்லாக் காகிதத்தையும் அவர் படிப்பதில்லை. நிறுவனத்தில் யாராக இருந்தாலும், ஓர் அறிக்கை அவசரம் என்று நினைத்தால் அதன் இடது மூலையில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் குத்தலாம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். சீட்டோடு போகும் அறிக்கை அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்கே அவர் கைக்குப் போகும். அதைப் பற்றிய கூட்டம் அவர் வராமல் நடக்காது. சீட்டில்லாமல் போவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிக்கும் கட்டில் சேரும்.

குறிப்பக்கா போன வியாழக்கிழமை தன் அறிக்கையில் சீட்டைக் குத்தினாள். ஒன்றுக்கு இரண்டாகக் குண்டூசி போட்டே குத்தினாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தலைவர்.

"அவங்க வரலையே சார்?" என்றாள் குறிப்பக்கா.

"யாரு? வெளி உறுப்பினரா? உங்க அறிக்கை அவங்களுக்குப் போயிருக்கும்மா. அவங்க ஒண்ணும் சொல்லலை. சொல்ல ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?" அவர் மாட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

மாட்டு டாக்டர் மடித்த தாளைப் பிரித்தார். "ஏழாம் பேட்ச், மூணு பண்ணை, தொண்ணூத்தாறு கன்னு. ஊசி போட்டு இன்னைக்குப் பதினோராம் நாள். ஒண்ணுக்குக்கூட காய்ச்சல் இல்ல."

"கேட்டீங்களா!" உற்பத்தி மேலாளர் மேசையைத் தட்டினார். "ஆறு பேட்ச்சுக்கும் ரெண்டாம் நாள் காய்ச்சல், ரெண்டாம் நாள் காய்ச்சல்னு பண்ணைக்காரங்க போன்ல என் காதைக் கடிச்சுத் துப்பிட்டாங்க. இப்பதான் மருந்து பக்குவத்துக்கு வந்திருக்கு."

"அது பக்குவம் இல்லீங்க" என்றாள் குறிப்பக்கா.

"அக்கா, காய்ச்சல் வந்தாலும் தப்பு, வரலைன்னாலும் தப்பா? மாமியார் வீட்டுல மாட்டின மருமகளா எங்க மருந்து?"

மாட்டு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் அவருடைய கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. நாம தடுக்கப் பார்க்கிற ஊமை நோய் வந்த கன்னுக்குக் காய்ச்சல் வருமா?" என்று கேட்டாள் குறிப்பக்கா.

அவர் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். "கடைசிவரை வராது" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "அதனாலதான் அந்தப் பேரு."

பிறகு தலைவர், மிகவும் மென்மையாக, "அது நோய். இது தடுப்பூசி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு லாரி கிளம்பட்டும்" என்றார். பதினாலாயிரம் ஊசி. இருநூறு பண்ணை. உற்பத்தி மேலாளர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். கூட்டம் முடிந்தது. பதினேழு நிமிஷம்.

இது தொடங்கியது ஓர் அக்காவின் தொலைபேசியில். குறிப்பக்காவின் சொந்த அக்கா ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை வைத்திருந்தாள். சோதனைக்கு எடுத்த மூன்று பண்ணைகளில் அது ஒன்று. ஊசி போட்ட மூன்றாம் நாள், திங்கட்கிழமை, அவள் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இந்தத் தடவை என்ன ஊசிடி அது? போன தடவை ரெண்டு நாள் கன்னுங்க சுருண்டு கிடந்துச்சு, உன் தங்கச்சி ஊசி, உன் தங்கச்சி ஊசின்னு உங்க மாமா என்னைத் திட்டித் தீர்த்தாரு. இந்தத் தடவை வாயே திறக்கலை."

"யாரு, மாமாவா? கன்னுங்களா?"

"ரெண்டும்தான்!"

அக்கா சிரித்தாள். குறிப்பக்காவும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு வழக்கப்படி குறிப்பேட்டில் எழுதினாள்: 'ஏழாம் பேட்ச். மூன்றாம் நாள். காய்ச்சல் இல்லை.' எழுதியதைத் திரும்பப் படித்தபோது பேனா மூடியைப் போட மறந்துபோனாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காவல் புரதம் உண்டு. வைரஸின் மரபுச் சரடு உள்ளே நுழைந்ததும் முதலில் தட்டுப்படுவது அதற்குத்தான். ஆனால் தட்டுப்பட்டவுடன் அது கத்திவிட முடியாது. யூபிக்விட்டின் என்ற பொடிப் புரதங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அதன் மேல் வந்து ஒட்ட வேண்டும். அந்த அடையாளம் ஒட்டிய பிறகுதான் அடுத்த புரதம் அதைத் திரும்பியே பார்க்கும். அப்புறம் சேதி கைமாறிக் கைமாறிப் போகும், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளியே வரும், பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும், உடம்பு சுடும். ஊமை நோய் வைரஸிடம் ஒரு நொதி இருந்தது. அது காவல் புரதத்தைக் கொல்வதில்லை, வெட்டுவதில்லை, ஒரு கீறல்கூடப் போடுவதில்லை. ஒட்டிய சங்கிலியை மட்டும் கழற்றிவிடும். காவலன் அதே இடத்தில், முழு உடம்போடு, நின்றுகொண்டே இருப்பான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்து நாள் கன்று ஓடும், ஆடும், பால் குடிக்கும். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ படுக்கும். படுத்தது எழுந்ததாகக் கதையே இல்லை.

தலைவர் பன்னிரண்டு வருஷம் உழைத்து அந்த நொதியின் பிடியைப் பிடுங்கினார். ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார். நொதி இருந்தது, கழற்றும் பலம் போயிற்று. அந்தப் பல் பிடுங்கிய வைரஸ்தான் தடுப்பூசி. அது உள்ளே போனால் காவல் புரதம் தாராளமாகக் கத்தும். இரண்டாம் நாள் காய்ச்சல் என்பது அந்தக் கூச்சல்தான்.

ஏழாம் பேட்ச்சில் கூச்சல் இல்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு குப்பி ஃப்ரீசரில் எடுத்து வைத்திருப்பார்கள். குறிப்பக்கா ஆறாம் பேட்ச் ஒன்று, ஏழாம் பேட்ச் ஒன்று வெளியே எடுத்து, செல்களில் விட்டு, புரதங்களைப் பிரித்துக் காகிதம்போல் மெல்லிய சவ்வில் ஏற்றினாள். முதலில் காவல் புரதத்தைத் தேடினாள். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே கனத்தில், கறுப்பாக ஒரு பட்டை. குறையேதும் இல்லை. வெளியிடுமுன் செய்யவேண்டிய சோதனை அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் முன்னால் தலைவரே எழுதிய விதி அது. வைரஸ் காவல் புரதத்தை வெட்டுகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தார்கள். அதனால் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தது. பிற்பாடு உண்மை தெரிந்தது, மருந்து மாறியது, விதி மாறவில்லை. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் 'புரதம் முழுமையாக உள்ளது, வெளியிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் குறிப்பக்காதான். ஏழாம் பேட்ச்சுக்கும் போட்டிருந்தாள்.

இந்தத் தடவை அதே சவ்வில் சங்கிலியைத் தேடினாள். ஆறாம் பேட்ச்சில் காவல் புரதத்தின் பட்டைக்கு மேலே ஏணிபோல், புகைபோல், படிப்படியாகக் கறுப்பு ஏறியிருந்தது. ஏழாம் பேட்ச்சில் பட்டைக்கு மேலே வெள்ளை. துடைத்து வைத்ததுபோல் வெள்ளை. மருந்து பெருகும் பெரிய கலனுக்குள், கோடிக்கணக்கான நகல்களில் ஏதோ ஒன்று, தலைவர் மாற்றிய இடத்தில் பழைய எழுத்தைத் திரும்ப எழுதிக்கொண்டுவிட்டது. பிடி திரும்பக் கிடைத்த நகல் வேகமாகப் பெருகும், மற்றவற்றை முந்திவிடும். மரபுச் சரடைப் படித்துப் பார்ப்பது கலனில் முதலில் விடும் விதை வைரஸில் மட்டும்தான். கலனிலிருந்து வெளியே வருவதை யாரும் படிப்பதில்லை. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் வெள்ளை.

கூட்டம் முடிந்ததும் குறிப்பக்கா நேரே கீழ்த்தளத்துக் கோப்பறைக்குப் போனாள். வெளியே போவது நகல்; அலுவலகப் பிரதியில் சீட்டு இருந்தால் நகலிலும் ஒன்று குத்தி அனுப்புவார்கள், அலுவலகப் பிரதி தன் சீட்டோடேயே திரும்ப அங்கே சேரும். எடுத்து எண்ணினாள். இருபத்து மூன்று பக்கம். படங்கள் ஒட்டியபடி ஒட்டியிருந்தன. ஒரு வரி அடிக்கப்படவில்லை. இடது மூலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

நான்கு சின்ன ஓட்டைகள். இரண்டு குண்டூசி உள்ளே போன வழி, வெளியே வந்த வழி.

அவள் ரொம்ப நேரம் அந்த ஓட்டைகளின் வழியாக ட்யூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கோப்பறைத் தொலைபேசியிலிருந்து வெளி உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். உதவியாளர் எடுத்தார், நிதானமான, வயதான குரல்.

"வந்திருக்கும்மா. வெள்ளிக்கிழமை வந்தது. சீட்டு இல்லை. கட்டுல போட்டிருக்கேன்."

"எடுத்து அவங்ககிட்ட காட்ட முடியுங்களா? அவசரம்."

"கட்டை நான் பிரிக்கக் கூடாது. விதி. அவங்க இப்ப வெளியூர்ல வேற, நாளைக்குத்தான் வர்றாங்க. ஆளாளுக்குப் போன் பண்ணி அவசரம்னா நான் எதைன்னு பிரிக்க? போன மாசம் ஒருத்தர் அவசரம்னாரு, என்னன்னு பார்த்தா பதவி உயர்வு."

"தனியா ஒரு கடிதம் அனுப்பினா?"

"எங்கேயிருந்து வந்தாலும் சரி, சிவப்பா இருந்தா வந்த அன்னைக்கே அவங்க கையில இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு. வழியில சீட்டு கழண்டுச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பு இல்ல. அது பாட்டுக்குக் கட்டுக்குப் போயிடும்."

"கழலும்னு எனக்கும் தெரியுங்க" என்று சொல்லி வைத்தாள்.

தலைவரின் அறை மூன்றாம் மாடியில். கதவு திறந்தேதான் இருந்தது. அவர் கதவை மூடி வைப்பவர் அல்ல.

"வாங்கம்மா. உட்காருங்க."

"இருக்கட்டும் சார். சீட்டைக் காணோம்."

அவர் எந்தச் சீட்டு என்று கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். பேனாக்களுக்கும் குண்டூசி டப்பாவுக்கும் நடுவில் சிவப்புச் சீட்டு கிடந்தது. கசங்கக்கூட இல்லை. அவள் கையெழுத்து மேல்பக்கம் தெரிந்தது.

"கிழிக்கலை பாருங்க. பத்திரமா வெச்சிருக்கேன். உங்க அறிக்கையில ஒரு எழுத்தை நான் தொடலை. ஒரு பக்கம் எடுக்கலை. அப்படியே முழுசா அனுப்பினேன்."

"முழுசாத்தான் சார் இருக்கு. பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அவர் நிமிர்ந்தார். கோபம் இல்லை. களைத்த முகம், கண்ணுக்குக் கீழே நாள்பட்ட கறுப்பு.

"போன குளிர்காலத்துல இந்த மாவட்டத்துல எத்தனை கன்னு செத்துச்சு? நீங்க எழுதி வெச்சிருப்பீங்களே."

"நாலாயிரத்து இருநூத்துப் பதினொண்ணு."

"குளிர் இறங்க மூணு வாரம்தான் இருக்கு. என் கையில இருக்கிறது இந்த ஒரு பேட்ச். அவங்க வந்து உட்கார்ந்தாங்கன்னா நிறுத்துவாங்க. நிறுத்தினா அடுத்த பேட்ச் வர நாலு மாசம். அதுக்குள்ள தொழுவம் தொழுவமா காலியாகும். நான் என்ன, கன்னுங்களைக் கொல்லவா இங்க உட்கார்ந்திருக்கேன்?"

"இல்ல சார். ஆனா நாம நோயையே குப்பியில அடைச்சு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போறோம்."

"உங்க சவ்வுல ஒரு இடம் வெள்ளையா இருக்குங்கிறதுக்காகவா?"

"மூணு சவ்வு."

"சரி, மூணு. அப்ப அந்த முதல் தாள்ல, 'முழுமையாக உள்ளது, வெளியிடலாம்'னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்."

"அது பொய்யா?"

"பொய் இல்ல. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். கேள்விதான் தப்பு."

கேள்வியை எழுதியவர் அவர். அது அவருக்கு உறைத்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. இழுப்பறையை மெதுவாகத் தள்ளினார். சீட்டு உள்ளே போயிற்று.

"அவங்க வந்தா முதல்ல கேக்கப்போறது உங்க கையெழுத்தைத்தான். என் விதியை அப்புறம் பார்ப்பாங்க, உங்க கையெழுத்தை முதல்ல பார்ப்பாங்க. பத்தொன்பது வருஷம்மா. யோசிச்சுக்கங்க. உங்க அக்கா பண்ணையைச் சோதனைப் பட்டியல்ல போட்டதே உங்க முகத்துக்காகத்தான். வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் வந்து சீட்டை வாங்கிக்கங்க."

படியிறங்கும்போது மாட்டு டாக்டர் எதிரே வந்தார். நின்றார். "நாளைக்குப் பண்ணைங்களுக்குப் போறேன் அக்கா" என்றார், யாரோ கேட்டதுபோல். "நீங்க இன்னைக்கே போகணும்" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

மதிய இடைவேளை மணி அடித்தது. நிறுவனத்திலிருந்து வெளியே போகும் தபாலெல்லாம் மூன்றாம் மாடியைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஆகவே அலுவலகத் தபால் ஆகாது. குறிப்பக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். மேசையில் இருந்த வெள்ளைத் தாள் கட்டை எடுத்தாள். சிவப்புச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்தாள். குண்டூசி டப்பாவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

குண்டூசி கழலும். பசை ஈரத்தில் விடும். நூல் போட்டுத் தைத்தாலும் கத்தரிக்கோல் இருக்கிறது. ஒட்டி வைக்கிற எதையும் ஒருத்தன் கழற்றலாம். கழற்றிவிட்டு, ஒரு எழுத்தைத் தொடவில்லை என்று மனசாட்சியோடு சொல்லலாம்.

அவள் வெள்ளைத் தாளைத் திரும்ப வைத்தாள். சிவப்புச் சீட்டுக் கட்டு முழுவதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தபால் நிலையம் நிறுவனத்திலிருந்து எட்டு நிமிஷ நடை. உள்ளே சுவரோரம் ஒரு சாய்வுப் பலகை. கயிற்றில் கட்டிய பேனா, காய்ந்த பசைக் கிண்ணம். அவள் தன் பேனாவை எடுத்தாள். சீட்டு உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரி வரும். முதல் சீட்டின் மூலையில் '1' என்று போட்டு எழுதத் தொடங்கினாள்.

'மதிப்பிற்குரிய அம்மா, இன்று காலை பத்து மணிக் கூட்டத்தில் இருந்தவர்களும் அமர்ந்த இடங்களும்: ஜன்னலுக்கு முதுகு காட்டித் தலைவர். அவருக்கு வலப்பக்கம் உற்பத்தி மேலாளர். இடப்பக்கம் மாட்டு டாக்டர். கதவோரம் நான். எதிரே தங்கள் நாற்காலி, காலி.'

இரண்டாம் சீட்டில் கட்டில் கிடக்கும் அறிக்கையின் தேதியும் பக்கக் கணக்கும். மூன்றாவதில் நான்கு ஓட்டைகள். நான்கு முதல் ஏழுவரை சோதனை: எந்தக் குப்பி, எத்தனை மணி நேரம், எந்தப் பட்டை, எங்கே வெள்ளை. எட்டாவதில் காய்ச்சல் விவரம். ஒன்பதாவதில் லாரி கிளம்பும் நாளும் மணியும். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் கையெழுத்து.

பத்தாம் சீட்டில் பேனா நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். கவுன்ட்டரில் முத்திரை விழும் சத்தம், டொக், டொக் என்று. அவளுக்குத் தன் ஆய்வுக்கூட மேசை நினைவுக்கு வந்தது. ஜன்னல் பக்கம், இடதுகால் கொஞ்சம் ஆடும் மேசை, அடியில் அவள் மடித்து வைத்த அட்டை. அந்த அட்டையை எடுத்துப் போட இனி வேறொருத்தர் வருவார்.

'ஏழாம் பேட்ச்சை வெளியிடலாம் என்று முதல் தாளில் கையெழுத்திட்டது நான்தான். கேட்டதை மட்டும் பார்த்தேன். கேட்காததைப் பார்க்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு' என்று எழுதினாள். எழுதியதற்குக் கீழே கையெழுத்தை மற்றச் சீட்டுகளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள்.

பதினோராம் சீட்டில் 'இப்படிக்கு' என்று தொடங்கும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அக்கா.

"ஏண்டி, வேலையில இருக்கியா? ஒண்ணுமில்ல. நம்ம சுட்டி காலையிலேருந்து படுத்தே கிடக்கு."

சுட்டி என்றால் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கன்று. தொழுவத்திலேயே அடங்காதது அதுதான். போன வாரம் மாமாவின் செருப்பைக் கடித்து வேலிக்கு வெளியே போட்டது.

"காய்ச்சல் பார்த்தியா?"

"பார்த்தேனே. இல்லவே இல்ல. தொட்டா ஜில்லுன்னு இருக்கு. அதான், காய்ச்சல் இல்லைல்ல, பயப்பட ஒண்ணுமில்லன்னு மாமா சொல்றாரு. சும்மா உங்கிட்டயும் ஒரு வார்த்தை..."

"அக்கா, விலாவைப் பாரு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணு. நான் லைன்லயே இருக்கேன்."

போனில் அக்கா முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. குறிப்பக்கா சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டக் கூடாது. அக்கா நாற்பதைத் தாண்டினாள். ஐம்பதைத் தாண்டினாள். முள் இன்னும் சுற்றி முடிக்கவில்லை.

"எழுபத்தி நாலு" என்றாள் அக்கா. குரலில் இருந்த அலட்சியம் போயிருந்தது. "ஏண்டி?"

"மத்ததுங்க?"

"நிக்குதுங்க. அமைதியா நிக்குதுங்க. சத்தமே இல்ல. ஏண்டி, என்னன்னு சொல்லேன்."

"சுட்டியைத் தனியா எடுத்துப் போடு. ஒரு கன்னும் வெளிய போகக் கூடாது, வெளியேருந்து ஒண்ணும் உள்ள வரக் கூடாது. பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தா வாசல்லயே நிறுத்து. மாமாகிட்ட, செருப்பைக் கழுவாம தொழுவத்தை விட்டு வர வேண்டாம்னு சொல்லு. டாக்டர் நாளைக்கு வர்றேன்னாரு. நான் இன்னைக்கே வரச் சொல்றேன்."

"நீதானேடி நல்ல ஊசின்னு சொன்ன?"

"சொன்னேன்."

"அப்ப?"

"தப்புன்னு இப்ப எழுதிக்கிட்டு இருக்கேன்கா."

அக்கா போனை வைக்கவில்லை. அவள் மூச்சுவிடும் சத்தமும், அதற்குப் பின்னால் முப்பத்திரண்டு கன்றுகள் இருக்கும் தொழுவத்தின் அமைதியும் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு இணைப்பு அறுந்தது.

குறிப்பக்கா மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 'சோதனைப் பண்ணையில் ஒரு கன்று படுத்துவிட்டது. மூச்சு 74. இன்றே போங்கள்' என்று செய்தி அனுப்பினாள். பதினோராம் சீட்டில் 'இப்படிக்கு' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'இன்று பகல் 1.22. சோதனைப் பண்ணை ஒன்றில் முதல் கன்று படுத்துவிட்டது. காய்ச்சல் இல்லை. மூச்சு நிமிஷத்துக்கு 74. அது என் அக்காவின் பண்ணை.' பன்னிரண்டாம் சீட்டில் மறுபடி 'இப்படிக்கு' போட்டாள்.

பன்னிரண்டு சீட்டையும் வரிசைப்படி அடுக்கி எண்ணினாள். கவுன்ட்டரில் வாங்கிய உறைக்குள் போட்டு முகவரி எழுதினாள். அதன் வாயை நாக்கால் நனைத்து ஒட்டி, விளிம்பை நகத்தால் மூன்று தடவை அழுத்தி இழுத்தாள். ஒட்டிய இடத்தின் குறுக்கே, பாதி மடிப்பிலும் பாதி உறையிலுமாகக் கையெழுத்திட்டாள்.

கவுன்ட்டர்க்காரி உறையை வாங்கித் தராசில் வைத்தாள். "பதிவுத் தபாலா? உள்ள என்னம்மா, கட்டியா இருக்கு? ரிப்பன் ஏதாவதா? ஓரத்துல சிவப்பா தெரியுது."

"கடிதம்தான்."

"இத்தனை சிவப்பாவா? யாருக்கு, காதலருக்கா?"

"வயசு பார்த்துப் பேசும்மா" என்றாள் குறிப்பக்கா. "நாளைக்குச் சேருமா?"

"இப்ப வண்டி வந்துரும். அதுல போனா நாளைக்கு மதியத்துக்குள்ள சேந்துரும். இன்னைக்கு வண்டி கொஞ்சம் லேட்டு."

"நிக்கிறேன்."

"நீங்க எதுக்கு நிக்கணும்? ரசீது கொடுத்துட்டேனே."

அவள் நின்றாள். கவுன்ட்டர்க்காரி தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையை மையில் தோய்த்து, உறையின் மேல் டொக்கென்று இறக்கி, பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள். வண்டி வந்தபோது மணி இரண்டு ஐந்து. ஒருவர் இறங்கி வந்து பையின் வாயைச் சுருக்கி, கயிறு கட்டி, முடிச்சின் மேல் ஈய முத்திரை வில்லையை வைத்து இடுக்கியால் நசுக்கினார். பை வண்டிக்குள் போயிற்று. கதவைச் சாத்தினார்.

குறிப்பக்கா குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதினாள்.